எப்ப போவியள்?

படலையைத் திறந்ததும் இடப்பக்கம் கிணறு. துலா போட்ட கிணறு. சுற்றிலும் வாழை, ஓரத்தில் இரண்டு கமுகு. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து இறக்கிய கிணறு என்பதால் சோப்பு போட்டால் நுரைக்காது, ஆனால் அந்தத் தண்ணீருக்கு ஒரு குளிர்ச்சி இருந்தது. 1987 நவம்பரிலிருந்து இருபத்தேழு மாதம் நான் அதில் குளித்தேன். என் சொந்த வீட்டுக் கிணற்றில் ராணுவத்தில் சேர்ந்த பிறகு அத்தனை நாள் குளித்ததில்லை.

அந்த வீடு யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குக் கிழக்கே ஓர் ஒழுங்கைக்குள் இருந்தது. நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய நாற்சார் வீடு. இந்திய அமைதிப் படைக்காரர்களான நாங்கள் போனபோது அங்கே யாரும் இல்லை. அக்டோபர் சண்டையில் ஊரே கிளம்பிக் கோயில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அடைக்கலம் புகுந்திருந்தது. நல்லூர் கோயிலில் மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் கிடந்தார்கள். முன்னறையில் வயர்லெஸ் செட்டை வைத்தோம். விறாந்தையில் கட்டில்கள். மாட்டுக் கொட்டகையில் லங்கர், அதாவது சமையற்கூடம். சாமியறையை மட்டும் யாரும் திறக்கக் கூடாது என்று மேஜர் சாப் உத்தரவு போட்டார், கடைசிவரை அது திறக்கப்படவில்லை. வளவுக்குள் நின்ற பனைகளில் பதினேழை வெட்டிப் பங்கருக்குக் கூரை போட்டோம். ஒரு பனை காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று அந்தப் பட்டாலியனில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. கோடரியும் பிடித்தேன்.

எனக்கு வேதாரண்யம் பக்கம் தேத்தாகுடி. அப்போது தஞ்சாவூர் மாவட்டம். அப்பா புகையிலை போட்டார். எங்கள் வீட்டில் ஒரு பெரிய வால்வு ரேடியோ இருந்தது, அதில் திருச்சியைவிட இலங்கை வானொலிதான் பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்கும். காலையில் பிறந்தநாள் வாழ்த்து வாசிப்பார்கள். சுன்னாகம், மானிப்பாய், சாவகச்சேரி, கோண்டாவில் என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். டெல்லி எந்தத் திசை என்று தெரியாத வயதில் எனக்கு கோண்டாவில் தெரியும். அந்த ஊர்களில் யாருக்கோ தினமும் பிறந்தநாள் வருகிறது, அங்கே எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் மேஜர் சாப் வரைபடத்தை விரித்து, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, சரியாக எப்படி உச்சரிப்பது என்று என்னைக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் இந்தியில் எழுதிக்கொண்டார்.

நான் மதராஸ் ரெஜிமென்ட். வெலிங்டனில் பயிற்சி. அக்டோபர் இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து ஏ.என்.32 விமானத்தில் பலாலிக்கு வந்து இறங்கினோம். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பறப்பு. வழியில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கோடியக்கரை தெரியுமா என்று சின்ன வட்டச் சன்னலில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தேன். மேகம்தான் தெரிந்தது. ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாள் முதலில் வந்தவர்களுக்கு மாலையும் ஆரத்தியும் கிடைத்ததாம். எங்களுக்குக் கிடைத்தது ஊரடங்கு. விடுதலைப் புலிகளின் திலீபன் நல்லூரில் உண்ணாவிரதமிருந்து செப்டம்பர் 26இல் இறந்துவிட்டார். அக்டோபர் 10க்குப் பிறகு புலிகளோடு முழுச் சண்டை. அந்த மாதத்தைப் பற்றி எழுத எனக்குப் பலமில்லை. ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. அந்த வருஷத் தீபாவளி அக்டோபர் 21. அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் எங்கள் படையின் குண்டுகளுக்கு இறந்தார்கள். நான் அந்த இடத்தில் இல்லை. ஆனால் அதே சீருடையில் சில மைல் தூரத்தில் இருந்தேன், மறுவாரம் அதே ஜனங்களிடம் தமிழில் பேசப் போனேன்.

யாழ்ப்பாணம் கைக்கு வந்த பிறகு எல்லாப் பட்டாலியனுக்கும் தமிழ் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. என்னை ஒரு வடநாட்டுப் பட்டாலியனுக்கு இரவல் கொடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்த அந்தக் கேம்பில் நான் ஒருவன்தான் தமிழன். எல்லாரும் என்னை ‘தம்பி’ என்றார்கள். மதராஸ் ரெஜிமென்ட்காரனுக்கு ராணுவம் முழுக்க அதுதான் பெயர்.

கேம்ப் வாழ்க்கை என்றால் எல்லாரும் சண்டையை நினைக்கிறார்கள். அதில் பெரும்பகுதி காத்திருப்பதுதான். விடிவதற்கு முன் ஸ்டாண்ட்-டு: பூட்ஸ், ஹெல்மெட், ரைபிளோடு மோர்ச்சா என்ற பதுங்குகுழிக்குள் நின்று இருட்டு கரைவதைப் பார்க்க வேண்டும். பொழுது சாயும்போது மறுபடி ஒருமுறை. நடுவில் இரண்டு மணி நேரம் சென்ட்ரி, நான்கு மணி நேரம் ஓய்வு. முள்கம்பியில் காலி டின்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். காற்றடித்தாலும் நாய் நுழைந்தாலும் அவை குலுங்கும், கேம்பே எழுந்து உட்காரும். காலையில் ரோடு ஓப்பனிங். கான்வாய் வருவதற்கு முன் சாலையின் இரு புறமும் நடந்து, புதிதாகத் தோண்டிய மண் இருக்கிறதா, ஒயர் ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் புதுமண் எது, பழைய மண் எது என்று கண்டுபிடிப்பது லேசில்லை. அங்கே ஜனங்கள் தினமும் கொத்திப் பயிர் செய்கிற பூமி. புகையிலைக் கன்றுக்குப் பாத்தி கட்டியிருப்பதைக் கண்டால் என் கண் முதலில் அப்பாவின் கொல்லைக்குப் போகும், பிறகுதான் கண்ணிவெடிக்கு வரும். அந்த ஒரு விநாடித் தாமதத்துக்காக நான் பயந்திருக்கிறேன்.

லங்கர் நடத்தியவர் காங்க்ரா மலைப்பக்கத்து ஆள். பூரி, கடலைப்பருப்பு, டப்பாவில் வந்த காய், வெளியே போகும் பார்ட்டிக்கு ஒரு பிடி சக்கர்பாரா. எனக்காக வாரம் ஒரு நாள் சோறு வடிப்பார். அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது, குழைந்துவிடும். நான் அதைப் பழிக்காமல் சாப்பிட்டேன். தன் ஊரில் வீட்டு வாசலில் நின்றால் பனிமலை தெரியும், இங்கே எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டை, கண் நிற்க இடமில்லை என்பார். நானோ காங்கேசன்துறை சிமெண்ட் ஆலைப் பக்கம் டியூட்டி விழும் நாட்களில் கடற்கரையில் நின்று வடக்கே பார்ப்பேன். அறுபது கிலோமீட்டருக்குள் கோடியக்கரை. விசைப்படகில் போனால் ஒரு பொழுதுக்குள் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம். ஒன்றும் தெரியாது, கடல் மட்டும்தான். தூரமாக இருந்திருந்தால் மனசு ஒருவாறு அடங்கியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். லடாக்கில் இருந்தபோது நான் இப்படி ஏங்கியதில்லை. அங்கே யாரும் ‘என்ன தம்பி, சாப்பிட்டாச்சோ’ என்று கேட்கவில்லை.

செக்பாயின்டில் நிற்கும்போது நாள் முழுக்கத் தமிழ் பேசினேன். “பையைத் திறங்க.” “கையைத் தூக்குங்க.” “அடையாள அட்டை எங்கே?” “சைக்கிளை விட்டு இறங்கி நடந்து போங்க.” அம்மாவிடமிருந்து கற்றுக்கொண்ட மொழியில் எனக்கு அந்த இரண்டு வருஷம் தேவைப்பட்டது இந்த நாலைந்து வாக்கியம்தான். ஊர்ச் சுற்றிவளைப்புகளில் ஆண்களை மைதானத்தில் வரிசையாக உட்காரவைத்து, முகத்தை மூடிய ஒருவன் முன்னால் நடத்திச் செல்வார்கள். சனங்கள் அவனைத் தலையாட்டி என்பார்கள். அவன் தலை அசைந்தால் அந்தப் பையன் எழுந்து லாரியில் ஏற வேண்டும். பையனுடைய தாய் என்னிடம்தான் ஓடிவருவாள், ஏனென்றால் எனக்குத்தான் தமிழ் தெரியும். அவள் சொல்வதில் பாதியைத்தான் நான் மேஜர் சாப்புக்குச் சொல்வேன். மீதிக்கு இந்தியில் சொல் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். சொல் இருந்தது. எனக்குத் தைரியம் இல்லை.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண்தான் எழுதுவாள். ஒரு பொழுதுக் கடலைச் சுற்றிக்கொண்டு கடிதம் சென்னை வழியாக ராணுவத் தபால் நிலையமான ஏ.பி.ஓ.வுக்கு வந்துசேர இரண்டு வாரமாகும். ‘அன்புள்ள மகனுக்கு, நலம், நலமறிய ஆவல்’ என்று பள்ளிக்கூடத்துத் தமிழில் தொடங்கி, நடுவில் அம்மாவின் குரல் அப்படியே வந்து விழும். தங்கச்சிக்கு ஆண் குழந்தை. வேப்ப மரத்தடி மண்சுவர் மழையில் சரிந்துவிட்டது. ஒரு கடிதத்தில் இப்படி இருந்தது: ‘நம்ம கரையில படகுல வந்து எறங்குச்சே அந்தப் புள்ளைங்க, நம்ம வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சிச்சே, அதுங்களயா நீங்க சுடுறீங்க?’ அந்தப் பெண் அதை அழகான கையெழுத்தில், கேள்விக்குறி போட்டு எழுதியிருந்தாள். 1985இல் லீவுக்குப் போனபோது நானும் அந்தப் போராளிப் பையன்களைப் பார்த்திருக்கிறேன். தேநீர்க் கடை பெஞ்சில் எனக்கு நகர்ந்து இடம் கொடுத்தார்கள், என் முடிவெட்டைப் பார்த்து “அண்ணை ஆமியோ?” என்று மரியாதையாகக் கேட்டார்கள். கடிதம் எதுவானாலும் கடைசி வரி ஒன்றேதான்: ‘எப்ப வருவே?’

ஆச்சி முதன்முதலாகப் படலையடிக்கு வந்தது 1988 தைப்பொங்கல் முடிந்த வாரம். எழுபது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, முந்தானை நுனியில் முடிந்த ஒரு சாவி. கதவுப் பூட்டை நாங்கள் எப்போதோ உடைத்திருந்தோம், அவர் சாவியை வைத்திருந்தார். சென்ட்ரி என்னைக் கூப்பிட்டான்.

“தம்பி, இது என்ர வீடு. திருவலையை எடுத்துக்கொண்டு போகட்டோ?”

எனக்குத் திருவலை என்றால் தெரியவில்லை. கையால் துருவிக் காட்டினார். தேங்காய்த் துருவி. மேஜர் சாப் யோசித்துவிட்டு, ஒரு தடவைக்கு ஒரு சாமான், வெள்ளிக்கிழமை மட்டும், அவர் உள்ளே வரக் கூடாது, நான் எடுத்துவந்து கொடுக்க வேண்டும் என்றார். அப்படியே நடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை சுளகு. பிறகு இடியப்ப உரல், நீத்துப்பெட்டி, பித்தளை மூக்குப்பேணி இரண்டு, பெரிய கடகம். எது எந்த அறையில், எந்தத் தட்டில், எதற்குப் பின்னால் இருக்கும் என்று படலைக்கு வெளியே நின்றபடியே சொல்வார். சொன்ன இடத்தில் அது இருக்கும். சிலது இல்லாமலும் இருக்கும். எங்களவர்கள் அடுப்பெரிக்கவோ வேறெதற்கோ எடுத்திருப்பார்கள். “இல்லை ஆச்சி” என்பேன். “பரவாயில்லை” என்பார். என்ன ஆயிற்று என்று ஒரு நாளும் கேட்கவில்லை. சாமானை வாங்கிக்கொண்டதும் கிணற்றடிப் பக்கம் எட்டிப் பார்ப்பார். வாழைக்குத் தண்ணி விடுகிறீர்களா என்பார். விடுகிறோம் என்பேன். அதன் பிறகு உண்மையாகவே விட்டேன்.

என் ஊர் எது என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“வேதாரணியமோ? எங்கட அப்பு என்னைச் சின்னனில தோணியில கூட்டிக்கொண்டு போனவர். கோயிலைச் சுத்தி வந்தது ஞாபகம் இருக்கு. உங்கட அம்மா இருக்கிறாவோ?”

“இருக்காங்க ஆச்சி.”

“பாவம் அவ” என்றார்.

போகும்போது தவறாமல் ஒன்று கேட்பார்: “எப்ப போவியள்?” அதில் கோபம் இல்லை. வீட்டுக்கு வந்த உறவுக்காரரிடம் கேட்பதுபோல, தெரிந்துகொள்வதற்காகக் கேட்பார். எனக்கு அது மட்டும் நெஞ்சில் குத்தும். அதே வாரம் அம்மாவின் கடிதம் சட்டைப் பையில் இருக்கும். இரண்டு பேருக்கும் நான் சொல்ல வேண்டிய தேதி ஒன்றுதான், அது என்னிடம் இல்லை.

காங்க்ராக்காரர் ஒருநாள் கேட்டார், மாதாஜி வாராவாரம் என்ன சொல்லிவிட்டுப் போகிறார் என்று. சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் மாவு பிசைந்தார். பிறகு அதைச் சொல்லிப் பழகினார். ‘ழ’ இல்லாத வாக்கியம் என்பதால் அவருக்குச் சுலபமாக வந்தது. லீவு மறுக்கப்பட்டவனைப் பார்த்து “எப்ப போவியள்?” என்பார். அது கேம்ப் முழுக்கப் பரவியது. இமயமலைப் பக்கத்துப் பிள்ளைகள், தமிழில் வேறு ஒரு சொல் தெரியாதவர்கள், இரவு சென்ட்ரி மாறும்போது ஒருவரையொருவர் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். யாரும் கேலியாகச் சொல்லவில்லை. கேட்டவனும் பதில் சொல்லமாட்டான், கேட்கப்பட்டவனும் சொல்லமாட்டான்.

எம்.ஜி.ஆர். இறந்த செய்தி இதற்கு முன்பே, 1987 டிசம்பர் 24 அன்று டிரான்சிஸ்டரில் வந்தது. அன்று செக்பாயின்டில் சைக்கிளை விட்டு இறங்கிய ஒரு பெரியவர் சோதனைக்குக் கையைத் தூக்கியபடி, “தம்பி, உண்மையோ?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தூக்கிய கையை இறக்காமலே அழுதார். எனக்கும் தொண்டை அடைத்தது. துப்பாக்கியை வைத்துக்கொண்டு எதிரும் புதிருமாக நின்ற நாங்கள் இருவரும் ஒரே வீட்டுத் துக்கத்தில் இருந்தோம். பின்னால் நின்ற சிப்பாய், இந்த ஆள் ஏன் அழுகிறான், அடித்தாயா என்று இந்தியில் கேட்டான்.

1988 ஆகஸ்டில் ரேஷன் எடுக்கப் போன வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. காங்க்ராக்காரர் அதில் போயிருந்தார். அவருடைய டிரங்குப் பெட்டியில் சாமான்களை எழுதிச் சரிபார்க்கும்போது நானும் உடன் இருந்தேன். கம்பளிச் சட்டை, சீப்பு, மனைவியின் கடிதக் கட்டு, இந்தி எழுத்தில் தமிழ்ச் சொற்கள் எழுதிய ஒரு சின்ன நோட்டு. தண்ணீர், சோறு, உப்பு, அம்மா. அந்த நோட்டை அதிகாரிகள் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். அது காங்க்ராவுக்குப் போயிருக்கும். அங்கே யாரால் அதைப் புரிந்துகொண்டிருக்க முடியும்? எங்கள் படையில் சுமார் 1,200 பேர் அந்த மண்ணில் இறந்தார்கள். எண்ணைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் முன்னால் வருகிறது.

அவர் இறந்த அடுத்த மாதம் எனக்கு இருபது நாள் லீவு கிடைத்தது. சென்னை போய், ரயில் பிடித்து, பஸ் மாறி, இரவு ஒன்பது மணிக்குத் தேத்தாகுடி. அம்மா விளக்கைத் தூக்கிப் பிடித்து என் முகத்தைப் பார்த்தார். கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றினார். ஒரு வாய் வைப்பதற்குள் கேட்டார்: “எப்ப போகணும்?”

எத்தனை நாள் லீவு என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தாய்மார் கேட்பதுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

லீவு முடிந்து திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை ஆச்சி வந்தார். என்னைக் கண்டதும், “வந்திட்டியளோ, தம்பி? அம்மா சுகமோ?” என்றார். சுகம் என்றேன். அம்மா கொடுத்தனுப்பிய எள்ளுருண்டையில் நாலு, காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். ஒன்றை அங்கேயே கடித்துப் பார்த்து, “வெல்லம் நல்ல வெல்லம்” என்றார். அன்று அவர் எந்தச் சாமானும் கேட்கவில்லை.

1989இல் இலங்கை அரசே எங்களைப் போகச் சொன்னது. ஒவ்வொரு மாவட்டமாகக் காலி செய்து, கடைசிக் கப்பல் 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கிளம்பியது. எங்கள் கேம்ப் அதற்கு முன்பே, அந்த வருஷத் தொடக்கத்தில் கலைந்தது. திரும்பி வந்த படையை வரவேற்கத் தமிழ்நாட்டு முதலமைச்சர் வரவில்லை என்று பிறகு நாடெல்லாம் பேசியது. எனக்கு அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. யாராவது மாலை போட்டிருந்தால் நான் எங்கே பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை.

அந்த ஜூனிலேயே மறுபடி போர் தொடங்கியது. பலாலியையும் காங்கேசன்துறையையும் சுற்றிய வலிகாமம் வடக்கு முழுவதும் காலியானது, பிறகு இலங்கை ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. மாவிட்டபுரமும் அதற்குள். போர் 2009இல் முடிந்த பிறகும் அந்த ஜனங்கள் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் இருந்தார்கள். நிலத்தைத் துண்டுதுண்டாகத்தான் விடுவித்தார்கள். பேப்பரில் அந்த ஊர்ப் பெயர்கள் வரும்போதெல்லாம் வாசித்துவிட்டு, தேதியைப் பார்த்து, மனசுக்குள் கணக்குப் போடுவேன். எழுபது வயதில் பார்த்தவருக்கு இப்போது என்ன வயது என்ற கணக்கு. வெகு காலத்துக்கு முன்பே அந்தக் கணக்கை நிறுத்திவிட்டேன்.

நாங்கள் கிளம்பிய நாள் காலையில் மேஜர் சாப் என்னை அழைத்து, மாதாஜியிடம் போய்ச் சொல் என்றார். இரண்டு ஒழுங்கை தள்ளி, உறவுக்காரர் வீட்டில்தான் அவர் இருந்தார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். நான் திரும்பி வந்து கிணற்றடியில் தோண்டியிருந்த மோர்ச்சாவை மண் போட்டு மூடினேன். யாரும் மூடச் சொல்லவில்லை. முற்றத்தைப் பெருக்க நேரமில்லை, லாரிகள் ஸ்டார்ட் ஆகிவிட்டன.

அப்போது படலையடியில் ஆச்சி வந்துவிட்டார். சென்ட்ரி இல்லை, அவரை நிறுத்த யாரும் இல்லை. இடுப்பில் திருவலையை இடுக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து, வெட்டிய பனைகளின் அடிக்கட்டைகளைத் தாண்டி, நேரே அடுக்களைக்குள் போனார். அங்கே எங்கள் கரியும் டின்னும் கிடந்தன. அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன் அது இருந்த மூலையில் திருவலையை வைத்தார். மெல்லக் குனிந்து, மறுபடி சரிசெய்து வைத்தார்.

“சுளகையும் மற்றதையும் பின்னேரம் கொண்டருவன்” என்றார், என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாமல். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன், தம்பி. அடுப்பு மூட்ட எவ்வளவு நேரம்.”

வெளியே லாரி ஹாரன் அடித்தது. நான் பூட்ஸ் காலோடு அடுக்களைக்குள் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.